எட்டாம் தேதி உடைந்த சபதம்

ஜனவரி பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் சில போனைப் பற்றியவை, சில வேலையைப் பற்றியவை. சேர்த்து வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே கடிதம்தான் என்று தோன்றும். மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். வயது 31. ஐந்து வயதில் மகன். காலை 10 மணிக்கு இங்குள்ள டீமுடன் மீட்டிங், இரவு 7.30-க்கு நியூஜெர்சி கிளையன்ட்டுடன் மீட்டிங். லேப்டாப்பை மூட 10.30 ஆகிவிடும். அதன்பிறகு படுத்தபடி ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால் 1.30 வரை ஓடும். ‘10.30-க்கு மேல் போனைத் தொடமாட்டேன்’ என்று போன வருடம் சபதம் எடுத்தேன். எட்டாம் தேதியே உடைந்தது. இந்த வருடம் சபதம் எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா?
– ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுக் கடிகாரத்துக்கு வேலை பார்க்கிறவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். காலை 10 முதல் இரவு 10.30 வரை, உங்களிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம் எங்கே இருக்கிறது? மேனேஜர், கிளையன்ட், மகன், அடுப்பு எல்லாம் அடங்கிய பிறகு மிஞ்சும் மூன்று மணி நேரம்தான் உங்களுடையது. அந்த நேரத்தில் கட்டை விரலை நகர்த்துவதைத் தவிர வேறு எதற்கும் உடம்பில் தெம்பு இல்லை, அதனால் போன். தூக்கத்தை விற்று நீங்கள் வாங்குவது ரீல்ஸ் இல்லை, உங்களுக்கென்று கொஞ்ச நேரம். போனைப் பிடுங்கி வைத்தாலும் அந்தத் தேவை அப்படியேதான் இருக்கும். சபதம் எட்டு நாளில் உடைந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பகலில் உங்களுக்கென்று நேரம் எடுக்க வேண்டும். இரவு மீட்டிங்கை நகர்த்த முடியாது. இப்போது நமக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவர்கள் காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் நமக்கு 7.30. நகர்த்தக்கூடியது காலை 10 மணி மீட்டிங்தான். மேனேஜரிடம் ‘ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் ‘பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லில் அவர் முடித்துவிடுவார். ‘இரவு மீட்டிங்கில் நான் கட்டாயம் இருப்பேன். அதனால் என் வேலை நேரம் மதியம் 1 மணிக்குத் தொடங்கட்டும். காலையில் டீமுக்கு வேண்டியதை முந்தைய இரவே ஹேண்ட்ஓவர் மெயிலில் எழுதிவிடுகிறேன். ஒரு மாதம் பார்ப்போம்’ என்று கேளுங்கள். டிசம்பர் விடுமுறைக்காக நிறுத்தி வைத்த வேலைகள் இப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்குகின்றன. அட்டவணை இறுகுவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். உங்கள் மீட்டிங் 6.30-க்கு வந்துவிடும், இரவில் ஒரு மணி நேரம் மிச்சம். வேறொரு மீட்டிங் அதை விழுங்குவதற்கு முன், 9.30 முதல் 10.30 வரை ஆபீஸ் காலண்டரில் இன்றைக்கே அடைத்து வையுங்கள்.

நடுவில் இடைவெளி இருந்தாலும், உங்கள் வேலை நாளின் இரு முனைகளைக் கணக்கிட்டால் வாரத்துக்கு 62 மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லியிருக்கின்றன. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கப்போவது சலுகை இல்லை என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும்.

வீட்டிலும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. கடிதத்தில் வீட்டில் உள்ள மற்றவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இரவு மீட்டிங் தொடங்கியதிலிருந்து மகனுக்குச் சோறூட்டித் தூங்கவைப்பதை, வீட்டில் வேறு யார் இருக்கிறார்களோ அவர் வாரத்தில் ஐந்து நாளும் முழுப் பொறுப்பாக ஏற்க வேண்டும். ‘உதவி’ என்ற சொல்லை மட்டும் அந்தப் பேச்சில் கொண்டுவராதீர்கள். உதவி என்றால், முடிந்தபோது செய்வது என்று ஆகிவிடும்.

இவ்வளவும் நடந்த பிறகு போன் விஷயம் சுலபம். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண் இலவசம்; தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். பள்ளி சம்பந்தமாக மட்டும் 11 வாட்ஸ்அப் குழுக்கள். இரவு 10 மணிக்கு ‘நாளை காலைக்குள் பட்டியல் வேண்டும்’ என்று வரும். பார்த்துவிட்டால் தூக்கம் போகிறது, பார்க்காவிட்டால் பயம். வெளியேறவும் முடியாது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதாக்கள் வந்ததோடு சரி. எனவே உங்களுக்குச் சட்டத்தின் துணை இல்லை. உடன் வேலை பார்ப்பவர்களின் துணை உண்டு. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் நாலைந்து பேராகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ‘அவசரம் என்றால் போனில் கூப்பிடுங்கள் சார், எந்த நேரமும் எடுக்கிறோம். குழுவில் வருவதை மாலை 6 மணிக்கும் 8 மணிக்கும் பார்த்துவிடுகிறோம்.’ கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றால் எது அவசரம் என்று அவரும் ஒரு கணம் யோசிப்பார். மேலிடத்திலிருந்து அவருக்கும் அதே இரவு 10 மணிக்குத்தான் கேட்டு வருகிறது என்பதை மனதில் வைத்துப் பேசினால் காரியம் நடக்கும்.

பிறகு 11 குழுக்களையும் ‘எப்போதும்’ என்று மியூட் செய்யுங்கள். தலைமையாசிரியர் எண்ணுக்கு மட்டும் தனி ரிங்டோன் வையுங்கள். அது ஒலிக்காத இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவில் வீட்டுப்பாடத்தை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? கூலி வேலை முடித்து வந்த ஒரு அம்மா இரவு 9 மணிக்கு அதைப் பார்த்துப் பதறுகிறாள் என்றால், அந்தப் பதற்றத்தை நிறுத்த வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: சிவகாசியில் 22 வருடமாக அச்சக டிசைனர். இந்த சீசனில் பல கஸ்டமர்கள் ஏ.ஐ.-யில் அவர்களே படம் செய்து போனில் கொண்டுவந்தார்கள். இரவெல்லாம் ‘ஏ.ஐ. வேலையைப் பிடுங்கும்’ என்ற வீடியோக்களையே பார்க்கிறேன். 47 வயதில் இனி என்ன செய்வேன்?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: பொய்யான ஆறுதல் வேண்டாம். வெறும் படம் செய்து தரும் வேலைக்குக் கூலி குறையும். ஆனால் கஸ்டமர் கொண்டுவந்த படம் அப்படியே மெஷினில் ஏறியதா? 1024 பிக்சல் அகலப் படத்தை இன்ச்சுக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் மூன்றரை இன்ச்கூட வராது. திரையில் பளபளக்கும் நீலம் நாலு கலர் அச்சில் மங்கிப்போகும். முருகன் கை வேலோடு ஒட்டியிருக்கும், கடைப் பெயரில் தமிழ் எழுத்து பிசகியிருக்கும். இதையெல்லாம் பிடித்துச் சரிசெய்தது நீங்கள்தானே? அதற்குத் தனியாகக் காசு கேட்டீர்களா? இல்லை என்றால், முதலில் மாற வேண்டியது பில்.

வீடியோ பார்க்கும் அந்த நேரத்தில் அரை மணியை மட்டும் பகலுக்குக் கொண்டுவாருங்கள். போன வருடம் நீங்கள் செய்த ஒரு காலண்டர் டிசைனை எடுத்து, அதே வேலையை அந்த ஏ.ஐ. கருவியை வைத்து மறுபடி செய்து பாருங்கள். எங்கே வேகம் கிடைக்கிறது, எங்கே சொதப்புகிறது என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் கையால் தொட்டுப் பார்த்த பிறகு அந்த வீடியோக்களில் எது உண்மை, எது மிகை என்று உங்களுக்கே பிடிபடும். சீசன் முடிந்து அச்சகம் ஓய்ந்திருக்கும் நேரம் இது. ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் வெளிவர இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நாளைக் காலையிலேயே பழைய ஃபைல் ஒன்றைத் திறந்துவிடுங்கள்.