பார்மட் செய்யவா என்று கேட்டால் "நோ" சொல்லுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாரும் பயந்து போகும் செய்தி ஒன்று உண்டு. பென் டிரைவையோ மெமரி கார்டையோ செருகியவுடன், "இந்த டிஸ்க்கினைப் பார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும். பார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். பதற்றத்தில் "யெஸ்" என்பதில் கிளிக் செய்துவிடுவோம். நானும் ஒரு முறை அந்த இடத்தில் கையில் மவுஸுடன் உட்கார்ந்திருந்தேன். அன்று கற்றுக் கொண்டதை இங்கு சொல்கிறேன்.

2011ல் திருக்கடையூரில் என் தாத்தாவுக்குச் சதாபிஷேகம் நடந்தது. டிஜிட்டல் கேமராவில் 312 படங்கள் எடுத்தேன். வீடு திரும்பியதும் கார்ட் ரீடரில் கார்டினைச் செருகி, எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, "கட்" கொடுத்து ஹார்ட் டிஸ்க்கில் "பேஸ்ட்" செய்தேன். பாதி வேலை நடக்கும்போதே, "கேமராவைக் கொண்டா" என்று மாமா கூப்பிட்டார். கார்டினை அப்படியே பிடுங்கிவிட்டேன். மீண்டும் செருகியபோது வந்ததுதான் மேலே சொன்ன செய்தி. சில டஜன் படங்கள் மட்டுமே கம்ப்யூட்டருக்கு வந்திருந்தன. அடுத்த மாதமே தாத்தா காலமாகிவிட்டார். இனி எடுக்க முடியாத படங்கள் அந்தக் கார்டில் இருந்தன.

தவறு எங்கே நடந்தது?

"காப்பி" கொடுத்தால் கார்டில் உள்ள பைல்கள் படிக்கப்படும், அவ்வளவுதான். "கட்" கொடுத்தால், பைல் புதிய இடத்திற்குச் சென்ற பின் பழைய இடத்தில் அழிக்கப்படும். அதாவது, கார்டிலும் எழுதும் வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் பிடுங்கினால், எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று கார்ட் வைத்திருக்கும் பட்டியல் அரைகுறையாக நின்றுவிடலாம். பட்டியலைப் படிக்க முடியாத விண்டோஸ், கார்டில் எதுவும் இல்லை என்று எண்ணி, பார்மட் செய்யவா என்று கேட்கிறது.

ஒரு புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே பாடங்கள் இருக்கும். தேடிக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். கார்டும் அப்படித்தான். நாம் ஒரு பைலை அழிக்கும்போதுகூட, அதன் இடம் காலியாக உள்ளது என்று பட்டியலில் குறிக்கப்படுகிறது. புதிய பைல் வந்து அந்த இடத்தில் உட்காரும் வரை பழைய படம் அங்கேயே இருக்கும். குவிக் பார்மட் செய்தாலும் பட்டியல்தான் புதிதாக எழுதப்படும். ஆனால், விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ் பதிப்புகளில் முழு பார்மட் கொடுத்தால், எல்லா இடத்திலும் பூஜ்யங்கள் எழுதப்படும். அதன் பிறகு மீட்க வழியில்லை.

மீட்பது எப்படி?

1. உடனே கார்டினை வெளியே எடுத்து வையுங்கள். அதில் புதிதாக ஒரு படம்கூட எடுக்க வேண்டாம்.

2. போட்டோரெக் என்ற இலவச புரோகிராமினைப் பயன்படுத்தலாம். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோப் கிரெனியர் எழுதியது. டெஸ்ட்டிஸ்க் என்ற புரோகிராமுடன் சேர்ந்தே டவுன்லோட் ஆகும். அன்று நான் கறுப்பு விண்டோவில் அம்புக்குறிக் கீகளை அழுத்தி வேலை செய்தேன். இப்போது மவுஸால் இயக்கும் க்யூபோட்டோரெக் என்ற பைலும் அதே போல்டரில் கிடைக்கிறது.

3. அதைத் திறந்து, பட்டியலில் உங்கள் கார்டினைத் தேர்ந்தெடுங்கள். அளவைப் பார்த்து அடையாளம் காணலாம். பட்டியலே கெட்டுப் போயிருந்தால், முழு இடத்தையும் தேடும் "ஹோல்" என்பதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. மீட்கும் படங்களை எங்கே சேமிப்பது என்று கேட்கும்போது, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரைக் காட்டுங்கள். அதே கார்டினைக் காட்டினால், மீட்கும் படமே மீட்க வேண்டிய படத்தின் மேல் எழுதப்பட்டுவிடும்.

5. "சர்ச்" கிளிக் செய்துவிட்டுக் காத்திருங்கள்.

இந்தப் புரோகிராம் பட்டியலை நம்புவதில்லை. ஜேபெக் படங்கள் எல்லாம் ஒரே மாதிரியான குறியீட்டில்தான் தொடங்கும். அந்தக் குறியீட்டைத் தேடிக் கொண்டே போகும்; கிடைத்த இடத்திலிருந்து படத்தை எடுக்கும். ஆகவே, பழைய பைல் பெயர்கள் கிடைக்காது. எண்களே பெயராக வரும்.

எனக்கு 312ல் 280க்கும் மேல் கிடைத்தன. சில படங்கள் துண்டு துண்டாகப் பதிவாகி இருந்ததால் பாதிதான் வந்தன. தாத்தாவும் பாட்டியும் அம்மாவை ஆசீர்வாதம் செய்யும் படத்தில் முகங்கள் இருக்கின்றன. அட்சதை தூவும் கைகள் இருக்க வேண்டிய கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அம்மா அதையே பிரிண்ட் போடச் சொல்லிவிட்டார்.

ஓர் எச்சரிக்கை. இந்த வழி மெமரி கார்ட், பென் டிரைவ், பழைய வகை ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றிற்குப் பெரும்பாலும் பொருந்தும். இன்றைய லேப்டாப்களில் உள்ள எஸ்எஸ்டி டிரைவ்களில், அழித்த பைலின் இடத்தை டிரைவே பின்னணியில் துடைத்துவிடும். அங்கே மீட்பது மிகக் கடினம்.

மீண்டும் நேராமல் இருக்க

"கட்" வேண்டாம்; எப்போதும் "காப்பி" கொடுங்கள். காப்பியான படங்களில் சிலவற்றைத் திறந்து பார்த்த பின்னரே கார்டில் உள்ளவற்றை அழியுங்கள். பென் டிரைவிலும் கார்டிலும் அழிக்கும் பைல்கள் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குச் செல்வதில்லை என்பதனை நினைவில் வையுங்கள்.

எடுக்கும் முன், டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள ஐகானில் கிளிக் செய்து "எஜெக்ட்" கொடுங்கள். 2018ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1809 முதல், இது இல்லாமலேயே எடுக்கும் வகையில் அமைப்பு மாற்றப்பட்டது. ஆனால், பைல் எழுதப்படும்போது பிடுங்கலாம் என்பது அதற்குப் பொருள் அல்ல.

எல்லாவற்றிற்கும் மேலாக, முக்கியமான படங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டிற்கு வெளியே ஒன்று. மூன்றாவதற்கு இணையம் உதவும். கூகுள் கணக்கில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றிற்கும் சேர்த்து 15 ஜிபி இலவசமாகத் தருகிறார்கள்.

இங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனில் இடம் இல்லை என்று கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ள பிரதியும் சேர்ந்தே போய்விடும். பேக்கப் ஆன படம் அதன் குப்பைக் கூடையில் 60 நாட்கள் இருக்கும். அதற்குள் மீட்டுக் கொள்ளலாம். போனில் மட்டும் நீக்க, "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும் என்றால், அவை இரண்டு பிரதிகள் ஆகா.

இந்தப் பக்கத்தை மூடும் முன், உங்கள் போனில் உள்ள படங்களில் எது போனால் மனம் தாங்காது என்று யோசித்துப் பாருங்கள். அது ஓரிடத்தில் மட்டும் இருந்தால், இன்றே இன்னோர் இடத்தில் காப்பி செய்துவிடுங்கள்.