கோட்டைத் தாண்டும் வரை

படிப்பதற்கு முன் பேசுங்கள்:
"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல" என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். இதை எந்த நேரத்தில் சொல்கிறோம்? உங்கள் ஊரில் அப்படி நடந்தது உண்டா?

1. ஒரு கால் நீண்டது

சக்கரம் வைத்த காலணி போட்டுக்கொண்டு பிள்ளைகள் தெருவில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஸ்கேட்டிங் என்கிறார்கள். அதிலும் பெரிய போட்டிகள் உண்டு.

2023ஆம் ஆண்டு சீனாவில் ஹாங்சோ என்ற நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. 2022இல் நடக்க வேண்டியவை. கொரோனா நோயால் ஓர் ஆண்டு தள்ளிப்போயின. அங்கே அக்டோபர் 2ஆம் தேதி ஆண்களுக்கான 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டம் நடந்தது.

தொடர் ஓட்டத்தில் ஒருவர் ஓடி முடித்ததும் அவருடைய தோழர் ஓட வேண்டும். காலால் ஓடும் தொடர் ஓட்டத்தில் கையில் ஒரு சிறு தடி இருக்கும். அதை அடுத்தவரிடம் கொடுப்பார்கள். ஸ்கேட்டிங்கில் தடி இல்லை. தோழரை முதுகுப்பக்கம் கை வைத்து முன்னே தள்ளிவிட வேண்டும்.

கடைசிச் சுற்று வந்தது. தென்கொரியா முன்னால் போனது. தைவான் அணி அதன் பின்னாலேயே வந்தது. தென்கொரிய அணிக்காகக் கடைசியாக ஓடியவர் ஜங் சோல் வோன். தைவானுக்காக ஓடியவர் ஹுவாங் யூ லின்.

கோடு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. இன்னும் சில அடிதான். ஜங் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். வென்றுவிட்டோம் என்று நினைத்தார்.

பின்னால் வந்த ஹுவாங் நிமிரவில்லை. குனிந்தபடியே வந்தார். கடைசி நொடியில் இடது பக்கமோ வலது பக்கமோ பார்க்காமல் ஒரு காலை முன்னே நீட்டினார்.

யார் முதலில் கோட்டைத் தாண்டினார்கள்? கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தென்கொரிய வீரர்கள் தங்கள் நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்தார்கள். பிறகு பலகையில் நேரம் வந்தது.

தைவான்: 4 நிமிடம் 5.692 வினாடி.
தென்கொரியா: 4 நிமிடம் 5.702 வினாடி.

தங்கம் தைவானுக்குப் போனது. வெள்ளி தென்கொரியாவுக்கு. மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கியது யார் தெரியுமா? நம் இந்திய அணி. அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரும் இருந்தார்.

2. போனது பதக்கம் மட்டும் அல்ல

தென்கொரியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. உடல்நலம் உள்ள ஆண்கள் எல்லோரும் குறிப்பிட்ட காலம் ராணுவத்தில் பணி செய்ய வேண்டும். அது ஒன்றரை ஆண்டுக்குக் குறையாது. ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர்களுக்கு இதில் சலுகை உண்டு. ஒரு சிறு பயிற்சியோடு விட்டுவிடுவார்கள். அவர்கள் தொடர்ந்து விளையாடலாம்.

அந்தத் தங்கம் கிடைத்திருந்தால் ஜங்குக்கு இந்தச் சலுகை கிடைத்திருக்கும். கூட ஓடிய தோழர் ஒருவருக்கும் கிடைத்திருக்கும். அந்தத் தோழர் கையைத் தூக்கவில்லை. தன் பங்கை முழுதாக ஓடினார். ஆனாலும் அவருக்கும் போயிற்று.

ஜங் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். கடைசி வரை முழு வேகத்தில் ஓடாதது தன் பெரிய தவறு என்று சொன்னார். ஹுவாங் சொன்னது வேறு. அவர்கள் கொண்டாடிய நேரத்திலும் தான் போராடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

3. கணக்குப் பார்ப்போமா?

இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் 0.01 வினாடி. அதாவது ஒரு வினாடியை 100 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. நாம் கண் இமைக்க ஆகும் நேரம்கூட இதைவிட அதிகம்.

அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம்? அவர்கள் 3000 மீட்டரை ஏறக்குறைய 246 வினாடியில் கடந்தார்கள். வகுத்துப் பாருங்கள். ஒரு வினாடிக்கு 12 மீட்டர் வருகிறது. அப்படியானால் 0.01 வினாடிக்கு 12 சென்டிமீட்டர். உங்கள் கையை விரித்து ஒரு சாண் வையுங்கள். அதில் பாதி. அவ்வளவுதான்.

கையைத் தூக்கினால் வேகம் எப்படிக் குறையும்? குனிந்து ஓடும்போது காற்று அதிகம் தடுக்காது. நிமிர்ந்தால் நெஞ்சில் காற்று மோதும். கால் உந்துவதும் நின்றுவிடும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எதிர்க்காற்றில் குனிந்து மிதிப்போம் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. எந்தப் பகுதி கோட்டைத் தொட்டால் வெற்றி என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஓட்டத்தில் கையோ தலையோ கோட்டைத் தாண்டினால் கணக்கில்லை. உடம்பு, அதாவது கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள பகுதி வர வேண்டும். அதனால்தான் ஓட்டக்காரர்கள் கடைசியில் நெஞ்சை முன்னே தள்ளுகிறார்கள். சைக்கிளில் முன்சக்கரம் கணக்கு. ஸ்கேட்டிங்கில் காலணியின் முன்பகுதி கணக்கு. அதனால்தான் ஹுவாங் காலை நீட்டினார்.

4. ரோம் நகரில் இரண்டு பேர்

மில்கா சிங் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவின் புகழ்பெற்ற ஓட்டக்காரர். 1960இல் இத்தாலி நாட்டின் ரோம் நகரில் ஒலிம்பிக் நடந்தது. 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மில்கா ஓடினார். தொடக்கத்தில் நல்ல வேகம். பதக்கம் நிச்சயம் என்று பலரும் நம்பினார்கள்.

நடுவில் அவர் சற்று வேகத்தைக் குறைத்தார். மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்த்தார். அதுதான் தன்னைக் கெடுத்தது என்று பின்னாளில் அவரே பலமுறை சொன்னார். அதற்குள் மற்றவர்கள் முந்தினார்கள். மில்கா நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 45.5 வினாடி. மில்காவின் நேரம் 45.6 வினாடி. தூரத்தில் சொன்னால் இரண்டு முழம்கூட இல்லை.

மில்கா கொண்டாடவில்லை. கையைத் தூக்கவும் இல்லை. ஆனால் ஓடும்போது ஓட்டத்தை விட்டு மனம் வேறு பக்கம் போயிற்று. அவர் 2021இல் காலமானார். அந்த ஓட்டத்தின் வருத்தம் அவரை விட்டுப் போகவே இல்லை.

அதே ரோம் நகரில் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பியப் போட்டிகள் நடந்தன. பெண்களுக்கான 20 கிலோமீட்டர் நடைப் போட்டி. ஸ்பெயின் நாட்டின் லாரா கார்சியா காரோ மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். வெண்கலம் உறுதி என்று நினைத்தார். நாட்டுக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டார். சிரித்தபடி கையை உயர்த்தினார்.

பின்னால் உக்ரைன் நாட்டின் லியுட்மிலா ஒலியானோவ்ஸ்கா வந்ததை அவர் பார்க்கவில்லை. கோட்டுக்குச் சற்று முன்னால் அந்தப் பெண் முந்திவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்பட்டது: 1 மணி 28 நிமிடம் 48 வினாடி. ஆனால் பதக்கம் ஒருவருக்குத்தான்.

20 கிலோமீட்டர் என்பது எவ்வளவு? பக்கத்து டவுனுக்குப் பஸ்ஸில் போகும் தூரம். அவ்வளவும் நடந்துவிட்டு, வாசற்படியில் இழந்தார்.

5. பதினாறு ஆண்டு காத்த பெண்

2006இல் இத்தாலியின் டுரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பனி மலைச் சரிவில் ஒரு பலகை மேல் நின்று சறுக்கும் போட்டி. வழியில் மேடு பள்ளங்கள் இருக்கும். மேட்டில் ஏறினால் பலகையோடு காற்றில் பறப்பார்கள்.

அமெரிக்காவின் லிண்ட்சே ஜேக்கபெல்லிஸ் எல்லோரையும் வெகு தூரம் முந்திவிட்டார். அவருக்கு வயது 20. இன்னும் இரண்டே மேடு. அங்கே காற்றில் பறக்கும்போது பலகையைக் கையால் பிடித்து ஒரு வித்தை காட்டினார். அது தேவையே இல்லை. கீழே இறங்கும்போது விழுந்தார். அவர் எழுவதற்குள் சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் தாண்டிப் போய்த் தங்கம் வென்றார். லிண்ட்சேவுக்கு வெள்ளி.

அதன் பிறகு உலகமே அந்த ஒரு விழுதலைப் பேசியது. அவர் எங்கே போனாலும் அதைத்தான் கேட்டார்கள். அவர் விளையாட்டை விடவில்லை. அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். பதக்கம் கிடைக்கவில்லை.

2022இல் சீனாவின் பெய்ஜிங்கில் மறுபடி வந்தார். வயது 36. கடைசிக் கோடு வரை சறுக்கினார். தங்கம் வென்றார். சில நாளில் கலப்பு அணிப் போட்டியில் இன்னொரு தங்கமும் வென்றார். ஒரு தப்பு நடந்தால் வாழ்க்கை முடிந்துபோவதில்லை.

6. கோடு எங்கே என்று தெரியாதபோது

2012 டிசம்பர் 2ஆம் தேதி. ஸ்பெயினில் புர்லாடா என்ற ஊரில் ஓர் ஓட்டப் பந்தயம். கென்யா நாட்டின் ஏபல் முட்டாய் முதலில் வந்தார். அதே ஆண்டு ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். கோட்டுக்குச் சுமார் 10 மீட்டர் முன்னாலேயே அவர் நின்றுவிட்டார். முடிந்தது என்று நினைத்துவிட்டார். ஜனங்கள் ஓடு ஓடு என்று கத்தினார்கள். அவருக்கு அந்த ஊர் மொழி புரியவில்லை.

இரண்டாவதாக வந்தவர் ஸ்பெயினின் இவான் ஃபெர்னாண்டஸ். தாண்டிப் போயிருந்தால் அவர்தான் முதல். அவர் தாண்டவில்லை. முட்டாயின் பின்னால் நின்று சைகை காட்டினார். கோடு வரை அவரை அனுப்பினார். தான் இரண்டாவதாகவே வந்தார். அந்த வெற்றி முட்டாய்க்கு உரியது என்று பிறகு சொன்னார்.

ஹுவாங் முந்தியது தப்பா? இல்லை. அது போட்டி. ஜங்குக்குக் கோடு தெரியும். முட்டாய்க்குக் கோடு எது என்று புரியவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

7. நம் வீட்டில்

"அப்படியானால் சந்தோஷப்படவே கூடாதா?" என்று எங்கள் வகுப்பில் ஓர் அம்மா கேட்டார். நல்ல கேள்வி. பக்கத்தில் இருந்த பாட்டி பதில் சொன்னார்: "நெல்லு களத்துல இருக்கும்போது விருந்து வைக்காதே. குதிருக்கு வந்த பிறகு வை. அன்னிக்கு ஊரையே கூப்பிடு."

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துச் சில வாரத்தில் இருமல் குறையும். பசி எடுக்கும். உடம்பு தேறும். "எனக்குச் சரியாகிவிட்டது" என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இதுவும் கோட்டுக்கு முன்னால் கையைத் தூக்குவதுதான். கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது. அது திரும்ப வரும். அப்போது பழைய மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவலாம். சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இது இலவசம். கோடு எங்கே என்று மருத்துவர் பரிசோதித்துச் சொல்வார். நாமாக முடிவு செய்யக்கூடாது.

சொல்லும் பொருளும்
தாழி – வாய் அகன்ற பெரிய பானை
சலுகை – சிலருக்கு மட்டும் தரும் விலக்கு
சைகை – பேசாமல் கையால் சொல்வது
குதிர் – நெல் சேர்த்து வைக்கும் கூடு

சேர்ந்து பேசுங்கள்
1. கையைத் தூக்காத தோழருக்கும் சலுகை போயிற்று. ஒருவர் அவசரத்தால் மற்றவர் இழப்பது நம் வேலைகளில் எங்கே நடக்கிறது?
2. நீங்கள் ஃபெர்னாண்டஸ் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஏன்?
3. லிண்ட்சேவைப் போல விழுந்தவரிடம் ஊர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செய்து பாருங்கள்
ஒருவர் 100 மீட்டரை 20 வினாடியில் ஓடுகிறார். ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர்? அரை வினாடி நின்றால் எத்தனை மீட்டர் பின்தங்குவார்? தரையில் கோடு போட்டு அளந்து பாருங்கள்.