தண்டாலும் பஸ்கியும்: ஜிம் இல்லாமல் உடம்பைத் தேற்ற

ஜிம்முக்குப் பணம் கட்டாமல் உடம்பை வலுவாக வைத்துக்கொள்ள நான்கு வேலைகள் போதும்: உட்கார்ந்து எழுவது, தரையைத் தள்ளுவது, கனத்தை இழுப்பது, நடப்பது. இதில் தள்ளுவதில்தான் பெரும்பாலோர் திணறிப்போய் விட்டுவிடுகிறார்கள். இழுப்பதை அநேகமாக யாரும் செய்வதே இல்லை.

நடைக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலையும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

பஸ்கியும் எளிதுதான். பழைய பயில்வான்கள் குதிகாலைத் தூக்கியபடி எடுப்பார்கள். புதிதாகத் தொடங்குபவர் ஊன்றியே எடுக்க வேண்டும். முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. முடியாதவர்கள் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

தண்டாலில் எல்லோரும் செய்யும் தவறு, முதல் நாளே தரையில் இறங்குவது. இரண்டு எடுத்ததும் இடுப்பு தொங்கிவிடும்; மூன்றாவது தண்டாலில் தலை மட்டும் கீழே போய்வரும், மார்பு இறங்காது. முட்டியை ஊன்றி எடுப்பது ஒரு வழி என்பார்கள். அதில் இடுப்பு மடங்கியே பழகிவிடுவதால் அது வேண்டாம். முட்டியை ஊன்றுவதை விடக் கையை உயர்த்துவதே மேல். முதலில் சுவரில் கை வைத்து எடுக்க வேண்டும். பிறகு சமையல் மேடை, பிறகு திண்ணை, பிறகு மாடிப்படி, கடைசியாகத் தரை. ஓர் இடத்தில் பதினைந்து வீதம் மூன்று சுற்று பிசகில்லாமல் வந்தால்தான் அடுத்த உயரத்துக்கு இறங்கலாம். அவசரப்படுபவர்கள் திரும்பச் சுவருக்கே வந்து சேருவார்கள்.

எங்கே எடுத்தாலும் உச்சந்தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே கோடாக இருக்க வேண்டும். பிட்டத்தை இறுக்கிப் பிடித்தால் இடுப்பு தானாக நேராகும். முழங்கை சிறகு விரிப்பதுபோல் பக்கவாட்டில் போகாமல், விலாவிலிருந்து சுமார் 45 பாகையில் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தோள்பட்டை வலிப்பதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இறங்கும்போது மூச்சை இழுத்து மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும், எழும்போது விட வேண்டும். மெதுவாக எடுக்கும் எட்டு, சடசடவென்று எடுக்கும் இருபதைவிட அதிகம் வேலை வாங்கும். இடுப்பை உயர்த்தி, வளைந்து முன்னே பாய்ந்து எழும் மல்லர் தண்டாலை இது கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தள்ளிக்கொண்டே இருந்து இழுக்காமல் விட்டால் முதுகு பின்தங்கிவிடும். உறுதியான கட்டைப்பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்து, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையை இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். கை வெறும் கொக்கி. முழங்கையைப் பின்னால் கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டால் முதுகில் பிடிக்கும். தண்ணீர் பாட்டில்களைச் சேர்த்துக் கனத்தை ஏற்றலாம், ஒரு லிட்டர் ஒரு கிலோ. பக்கத்துப் பூங்காவில் கம்பி இருந்தால் தொங்கிப் பழகுவது இன்னும் நல்லது.

நடை தவிர மற்ற மூன்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம் செய்தால் போதும். தினமும் செய்பவருக்கு உடம்பு தேறுவதற்கு இடைவெளி கிடைக்காது.

புரதப் பொடி டப்பாவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 50 கிராம் வேர்க்கடலையில் சுமார் 12 கிராம். மீதியைப் பருப்பு, சுண்டல், தயிர் பார்த்துக்கொள்ளும்.

தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்தினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். மார்வலி, மயக்கம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.