உடுக்கைக் கட்டையும் உளியின் பிடிவாதமும்

உங்கள் வீட்டு மேசைப் பலகையில் நீளவாக்கில் வெடிப்பு விட்டிருக்கிறதா? மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தால் அடுத்த கோடையில் அது மறுபடியும் வாய் பிளக்கும். தச்சர்களிடம் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உடுக்கையைப் போல இடை சிறுத்து இருபுறமும் அகன்ற ஒரு சிறு கட்டையை வெடிப்பின் குறுக்கே பதிப்பார்கள். அகன்ற முனைகள் குழியின் சாய்ந்த சுவர்களைப் பற்றிக்கொள்வதால் வெடிப்பு மேலும் விரிவதில்லை. தேக்கில் கருத்த ஈட்டிக் கட்டையைப் பதித்தால் அழகும் கூடும்.

பண்டை எகிப்தியர் கல்லோடு கல்லைப் பிணைக்கவும் இவ்வடிவ மரத்துண்டுகளைப் பயன்படுத்தினர். அண்மைக் காலத்தில் இதற்குப் பெயர் தேடித் தந்தவர் அமெரிக்க மரக்கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா (1905-1990). 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி எழும்பியபோது அங்கே கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவரும் இவரே.

பலகை ஏன் வெடிக்கிறது? ஈரம் வற்றும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. பச்சைத் தேக்கு முற்றிலும் உலர்ந்தால் வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு.

ஆகவே கட்டையின் நார் அதன் நீளத்தின் வழியே, வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். மாற்றி வைத்தால் சிறுத்த இடையில் பட்டென்று முறிந்துவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பலகை குறுக்கே சுருங்கும்; கட்டையோ நீளத்தில் சுருங்காது. பலகையின் சுருக்கம் 1 விழுக்காடு என்றால், 6 செ.மீ. கட்டையில் வேறுபாடு 0.6 மி.மீ.; 20 செ.மீ. கட்டையில் 2 மி.மீ. ஒரு பெரிய கட்டையைவிட இரண்டு மூன்று சிறியவை மேல்.

இனிக் குழி. முதலில் கட்டையைச் செய்துகொண்டு, அதைப் பலகைமேல் வைத்துச் சுற்றிலும் கூரிய கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. கீறலுக்கு இல்லை எனலாம். தவிர, கீறல் நார்களை முன்னதாகவே அறுத்துவிடுவதால் விளிம்பு பிய்யாது.

அடுத்து உளி. நான் முதன்முதலில் குழி வெட்டியபோது உளியைக் கோட்டின் மேலேயே நிறுத்திக் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தேன். குழி கோட்டைத் தாண்டிப் பெருத்துவிட்டது. கட்டை உள்ளே ஆடியது! இயற்பியல் கற்பிப்பவன் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். உளியின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் சாய்வு. சாய்ந்த முகம் குழிப்பக்கத்து மரத்தை நெருக்கும்போது, அம்மரம் உளியைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த எதிர்விசையின் கிடைக்கூறு உளியைத் தட்டை முகத்தின் பக்கமாக, அதாவது கோட்டுக்கு வெளியே நகர்த்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான்.

எனவே கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டி, நடுவிலுள்ள மரத்தை முதலில் எடுத்துவிடுங்கள். எஞ்சிய மெல்லிய விளிம்பைக் கடைசியில் கோட்டின்மேல் உளி வைத்து, கையாலேயே அழுத்திச் சீவுங்கள். அதற்கு மறுபுறம் வெற்றிடமாதலால் அது வளைந்து கொடுத்துவிடும். உளியைத் தள்ளும் வலு அதற்கு இல்லை.

ஓர் எச்சரிக்கை. குழியின் இரு முனைச் சுவர்களும் பலகையின் நாருக்கு இணையானவை. அங்கே ஓங்கி அடித்தால் உளி ஆப்பாக வேலை செய்யும். ஒரு வெடிப்பை மூடப்போய் இன்னொன்றைத் திறந்துவிடுவீர்கள். அங்கு மெல்லிய தட்டல்களே போதும்.

ஆழம் பலகைத் தடிமனில் பாதி இருக்கலாம். கட்டையின் அடி விளிம்புகளைச் சற்றே சீவி, பசை தடவி, மெல்லத் தட்டி இறக்குங்கள். 1 மி.மீ. மேலே துருத்தி நிற்கட்டும். பசை நன்கு காய்ந்தபின், இழைப்புளியைச் சாய்வாகப் பிடித்து மட்டமாக்குங்கள்.