பன்னிரண்டு முகம், ஆயிரம் ஊகம்

கேள்வி: என்ன கருவி என்றே தெரியாத பழம்பொருள் அருங்காட்சியகங்களில் உண்டா?

பதில்: உண்டு. ரோமானியரின் பன்னிருமுக வெண்கலக் கூடு எனக்கு மிகப் பிடித்தது. உள்ளே வெற்றிடம், ஒவ்வொரு ஐங்கோண முகத்திலும் ஒரு வட்டத் துளை, துளைகள் ஒரே அளவில் இல்லை. இருபது முனைகளிலும் சிறு குமிழ்கள். 1739-இல் இங்கிலாந்தில் ஒன்று பதிவானது. இன்றுவரை நூற்றுக்கும் மேல் கிடைத்துவிட்டன. பெரும்பாலானவை பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கம்தான். ரோம் இருக்கும் இத்தாலியில் ஒன்றுகூட இல்லை! எந்த ரோமானிய நூலும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஒன்றிரண்டில் மெழுகு ஒட்டியிருந்ததால் மெழுகுவத்தித் தாங்கி என்றார்கள். அளவுகோல் என்றார்கள், துளைகளுக்குப் பொது அளவு இல்லையே. கையுறை பின்னும் அச்சு என்பது இணையத்தில் பிரபலம். ஆனால் அந்தப் பின்னல்முறை அக்காலத்தில் இருந்ததற்கே சான்றில்லை.

நான் முதலில் பார்ப்பது தேய்மானத்தை. நம் வீட்டு அம்மிக்குழவியைப் பாருங்கள், அரைத்த கையின் கதை அதில் இருக்கும். 2023-இல் இங்கிலாந்தின் நார்டன் டிஸ்னி கிராமத்தில் கிடைத்த கூட்டிலோ தேய்மானமே இல்லை. எனவே, வேலைக்கான கருவி என்பதைவிடச் சடங்குப் பொருள் என்ற ஊகத்தின் பக்கமே சாய்கிறேன்.