தேநீரும் சிராவக ஒழுக்கமும்

இஞ்சித் தேநீரும் தேன் கலந்த தேநீரும் இன்று நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டன. இருமலுக்கு நல்லதென இளையோர் விரும்பிக் கேட்கின்றனர். மறுப்பதோடு நின்றால் அவர்கள் வெளியே சென்று பருகுவர். ஆதலின் விலக்கின் காரணத்தையும் மாற்று வழியையும் ஒருங்கே கற்பித்தல் நம் கடமையாகும்.

தேன், தேனீக்களின் கூட்டைக் குலைத்துப் பெறுவது. கள், ஊன் ஆகியவற்றோடு சேர்த்து விலக்கப்பட்டது. மண்ணுள் விளையும் பச்சை இஞ்சி அனந்தகாயம்; ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் உறைவது. சுக்கோ ஈரம் வற்றி முளைக்கும் ஆற்றலை இழந்தது. ஆதலின் பல இல்லங்களில் அதனை ஏற்கின்றனர்.

செய்முறை (நால்வர்க்கு):

1. நீரை இருமடித்த கெட்டித் துணியில் வடிகட்டுக. அவ்வாறு வடித்த நீர் 48 நிமிடங்களுக்கே ஏற்றது, உடனே அடுப்பிலேற்றுக.

2. சுக்கு சிறு துண்டு, மிளகு 6, ஏலம் 4, கிராம்பு 2 ஆகியவற்றை வண்டு, புழு இன்றி ஆய்ந்து, அன்றன்றே இடித்துக்கொள்க.

3. இரண்டு தம்ளர் நீரில் இப்பொடியை 5 நிமிடம் கொதிக்கவிட்டு, தேயிலைத்தூள் 4 தேக்கரண்டி இடுக. 2 நிமிடம் சென்றபின், காய்ச்சிய பால் இரண்டு தம்ளர் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்குக.

4. வடித்தபின் வெல்லத்தூள் கலக்குக. கொதிக்கும்போது இட்டால் பால் திரியும்.

மாலைத் தேநீரைக் கதிரவன் மறையுமுன் பருகி முடித்தல் வேண்டும்.

பிள்ளைகளிடம் வினவுக: இஞ்சியை விலக்கிச் சுக்கை ஏற்பது ஏன்? காரணம் உணர்ந்த பிள்ளை, நாம் அருகில் இல்லாதபோதும் விரதத்தைக் காக்கும்.