எல்லங்கா: சங்கிலிக் குளங்களும் நீர்ப் பங்கீடும்
க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு



நீர்ப்பாசனம் பற்றி வினா வந்தால் தாதுசேன மன்னன், கலாவாவி, யோத எல என்று வேகமாக எழுதிவிடுவீர்கள். எழுதுவதெல்லாம் சரியே. ஆனால் பலரது விடை “மன்னன் கட்டினான்” என்பதோடு நின்றுவிடுகிறது. கட்டிய குளத்தின் நீரைப் பங்கிட்டவர் யார்? நீர் குறைந்த ஆண்டில் யாருடைய வயல் காய்ந்தது? இப்பாடம் அதைப் பற்றியதாகும்.

1. எல்லங்கா என்றால் என்ன?

உலர் வலயத்தின் சிறு பள்ளத்தாக்குகளில் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல அமைந்துள்ளன. மேற்குளம் நிரம்பி வான் பாயும் நீரும், அதன் கீழுள்ள வயல்களிலிருந்து வடியும் நீரும் அடுத்த குளத்தைச் சேரும். இவ்வாறு ஒரே நீர் பல முறை பயன்படுகிறது. இத்தொகுதியே எல்லங்கா எனப்படும். 2017இல் உணவு விவசாய நிறுவனம் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

குளத்தைச் சுற்றியுள்ள பகுதிகளையும் நினைவில் வைத்திருங்கள்.
• கஸ்கொம்மன – குளத்தின் மேற்பகுதியிலுள்ள மரத்தொகுதி. காற்றையும் ஆவியாதலையும் குறைக்கும்.
• பெரஹன – வரும் நீரின் வண்டலை வடிக்கும் புல் நிலம்.
• கட்டகடுவ – குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட நிலம். உவர்த்தன்மை வயலுக்குச் செல்லாது தடுக்கும்.

2. ஒருவர் தவறினால் என்ன நடக்கும்?

மேற்குளத்தார் தமது வானை உயர்த்தினால் கீழ்க்குளத்துக்கு நீர் குறையும். மேற்குளக்கட்டு உடைந்தால் அந்த வெள்ளம் கீழ்க்கட்டையும் உடைக்கலாம். ஆகவே ஒவ்வொரு கிராமமும் தன் குளத்தைத் தானே நிர்வகித்தாலும், அயற்கிராமத்தை மறந்து முடிவெடுக்க முடியாது.

கிராமத்துக்குள் மூன்று ஒழுங்குகள் இருந்தன.
(அ) போகக் கூட்டம் – எப்போது விதைப்பது, எப்போது மதகு திறப்பது என்பதை வயற்காரர் கூடித் தீர்மானித்தல்.
(ஆ) பங்குக் கடமை – வயலின் அளவுக்கு ஏற்பக் குளக்கட்டைத் திருத்தும் வேலையை ஏற்றல்.
(இ) வெல் விதானை – நீர் விடுவதை மேற்பார்வை செய்பவர். அறுவடையில் ஒரு பங்கு நெல்லைப் பெற்றார்.

3. பெத்ம முறை

இதனை உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். ஒரு குளத்தின் கீழ் 40 ஏக்கர் வயல் உண்டு. சிறுபோகத்தில் 20 ஏக்கருக்கே நீர் போதும். எல்லோரும் தத்தம் வயலில் விதைத்தால் நீர் இடையில் முடிந்து 40 ஏக்கரும் கருகலாம். எனவே குளத்துக்கு அண்மையிலுள்ள 20 ஏக்கரில் மட்டும் விதைப்பர். அந்நிலத்தை அப்போகத்துக்கு மட்டும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பர். 4 ஏக்கர் உடையவர் 2 ஏக்கரும், 1 ஏக்கர் உடையவர் அரை ஏக்கரும் செய்வர். கடைசி வயற்காரரும் பட்டினி கிடக்கமாட்டார்.

கவனிக்க: இது சமபங்கு அன்று, உடைமைக்கு ஏற்ற பங்கு. காணியற்றவருக்கு இதில் இடமில்லை. குறையையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

4. பின்னர் ஏற்பட்ட மாற்றங்கள்

1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டதும் கட்டாய வேலையால் குளங்களைப் பராமரித்த ஒழுங்கு தளர்ந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வெல் விதானைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று அவ்விடத்தில் விவசாயிகள் அமைப்புகள் உள்ளன.

5. நாலந்தாவிலிருந்து பாருங்கள்

நமக்கு அருகிலேயே வேறுவகை வலையமைப்பு உள்ளது. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் சுதுகங்கை வழியாக அம்பன்கங்கையை அடைந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு பகுதி சுரங்க வழியாகக் கலாவாவிப் பக்கம் செல்கிறது. மறு பகுதி அம்பன்கங்கையில் எலஹெர நோக்கிச் செல்கிறது. நாலந்தா கெடிகே கல் கல்லாகக் கழற்றப்பட்டு மேட்டில் மீண்டும் கட்டப்பட்டதும் இந்நீர்த்தேக்கத்தின் பொருட்டே. இங்கு எந்தப் பக்கம் எவ்வளவு நீர் என்பதை வயற்காரர் தீர்மானிப்பதில்லை. கொழும்பில் கூடும் நீர் முகாமைத்துவக் குழு தீர்மானிக்கிறது.

தூர இடங்களுக்கு நீர் பகிர மத்திய தீர்மானம் தேவை. ஆனால் கடைசி வாய்க்காலில் நடப்பதை அங்குள்ளவரே அறிவார். அதனாலேயே கலாவாவி நீரைப் பெறும் மகாவலி எச் வலயத்திலும் நீர் குறைந்த சிறுபோகங்களில் பெத்ம முறை கையாளப்பட்டது.

மாதிரி வினா
“எல்லங்கா முறை கூட்டுப் பொறுப்பில் தங்கியிருந்தது.” விளக்குக.

விடை எழுதும் முறை: முதலில் வரைவிலக்கணம், அடுத்து மேற்குளம், கீழ்க்குளத் தொடர்பு, பின்னர் மூன்று ஒழுங்குகள், பெத்மவை எண்ணுடன் விளக்கி, ஒரு குறையோடு முடிக்கவும். பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தி எழுத வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் “ஏன்” என்று ஒரு வசனம் சேருங்கள்.